மதிலுக்கு இந்தப் பக்கம்

என் அப்பா குழந்தைகளை அடிக்க மாட்டார். அவர் செங்கல்பட்டு ரயில்வே ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தார். "அடித்தால் எனக்குத்தான் கை வலிக்கும்; நாளைக்கு எழுத வேண்டாமா?" என்பார். ஆனால் பிரம்பைக் காட்டிலும் பலமான ஓர் ஆயுதம் அவரிடம் இருந்தது. "இரு, இரு. உன்னைக் கொண்டுபோய் அந்த ஸ்கூலில் போட்டுவிட்டு வருகிறேன்" என்று சொல்வார். 'அந்த' என்ற மூன்றெழுத்தில்தான் விஷயமே இருந்தது. நான் உடனே சாதத்தைத் தின்றுவிடுவேன். அல்லது கணக்கைப் போட்டுவிடுவேன்.

வெளியூர்ப் பெற்றோர்களுக்கு இந்த ஆயுதம் இன்னும் சுருக்கமாகக் கிடைத்திருந்தது. ஊர்ப் பெயரே போதும். விழுப்புரத்தில் என் பெரியம்மா வீட்டுக்குக் கோடை விடுமுறைக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் தன் பையனைப் பார்த்து, "செங்கல்பட்டுக்கு அனுப்பிடுவேன், ஜாக்கிரதை!" என்று அதட்டினாள். நான் பெருமையாக, "நான் அங்கேயிருந்துதான் வந்திருக்கேன்" என்றேன். அந்தப் பையன் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டான். அந்த விடுமுறை முழுவதும் அவன் என்னோடு விளையாட வரவில்லை.

ஒரு ஊருக்கு இப்படியும் கீர்த்தி வருமா என்று நான் பிற்பாடு யோசித்ததுண்டு. செங்கழுநீர்ப் பூவால் பெயர் பெற்ற ஊர் இது. செங்கழுநீர்ப்பட்டு என்பதுதான் தேய்ந்து செங்கல்பட்டு ஆயிற்று என்பார்கள். ஏரியையும் சதுப்பையும் அரணாகக் கொண்டு விஜயநகர அரசர்கள் பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே ஒரு கோட்டை கட்டினார்கள். 1751-ல் அதைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். மறு வருஷமே கிளைவ் மீட்டான். 1780-ல் கர்னல் பெய்லியின் படை பொள்ளிலூரில் ஹைதர் அலியிடம் நொறுங்கியபோது, ஜெனரல் மன்றோ காஞ்சீபுரத்துக் குளத்தில் பீரங்கிகளைத் தள்ளிவிட்டு இந்தக் கோட்டைக்குள்தான் ஓடிவந்து ஒளிந்தார். சுற்றுவட்டாரத்து ஜனங்களும் அந்த யுத்த காலத்தில் இங்கேதான் தஞ்சம் புகுந்தார்கள்.

அப்படி அடைக்கலம் கொடுத்த ஊர், நூறு வருஷம் கழித்து அடைத்து வைக்கும் ஊராகிவிட்டது. 1887-ல் சிறுவர் சீர்திருத்தப் பள்ளி வந்தது. 1924-ல் திருமணியில் லேடி வில்லிங்டன் பெயரில் தொழுநோய் ஆஸ்பத்திரி வந்தது. 1990-களில் இலங்கைத் தமிழர்களை வைத்திருந்த சிறப்பு முகாம் வந்தது. பட்டணம் தன் பார்வையில் படக்கூடாது என்று நினைத்தவர்களையெல்லாம் ரயிலேற்றி, முப்பத்தைந்து மைல் தள்ளி, ஏரிக்கரையில் இறக்கிவிட்டது போலத்தான் எனக்குத் தோன்றும்.

ஆனால் அந்தப் பள்ளியை ஏற்படுத்தியவர்கள் கெட்ட எண்ணத்தோடு ஏற்படுத்தவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். அதற்கு முன்னால் திருடிய பையனுக்குக் கிடைத்தது சவுக்கடி. இல்லையேல் கொலைகாரனும் கொள்ளைக்காரனும் இருக்கிற அதே ஜெயில். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துக்காரியான மேரி கார்பென்டர் என்ற அம்மையார் இந்தக் கொடுமையைப் பார்த்து மனம் பொறாமல், 1852-ல் அங்கே சிறுவர்களுக்கென்று தனிப் பள்ளி திறந்தவர். 1866-ல் இந்தியாவுக்கும் வந்து, இங்கேயும் பையன்களை ஜெயிலிலிருந்து பிரிக்க வேண்டும் என்று ஓயாமல் வற்புறுத்தினார். 1876-ல் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் வந்தது. அதையொட்டி வந்ததுதான் எங்கள் ஊர்ப் பள்ளி.

சட்டத்தைப் படித்துப் பார்த்தால்தான் ஒரு சங்கடம் புரிகிறது. 1897-ல் அதைத் திருத்தி எழுதினார்கள். அதன்படி பதினைந்து வயதுக்குட்பட்ட பையனை இந்தப் பள்ளிக்கு அனுப்புவதானால், 3 வருஷத்துக்குக் குறையாமலும் 7 வருஷத்துக்கு மேற்படாமலும் அனுப்பலாம். வயது வந்தவன் ஒரு சொம்பைத் திருடினால் சில மாதத்தில் வீட்டுக்கு வந்துவிடுவான். பையன் அதே சொம்பைத் திருடினால் மீசை முளைக்கும் வரையில் உள்ளே இருப்பான். தண்டனை என்றால் அதற்கு அளவு உண்டு. 'உன் நன்மைக்காக' என்று சொல்லிவிட்டால் அளவு ஏது?

பிறகு பெயர்கள் மாறின. 1920-ல் சென்னை ராஜதானியில் குழந்தைகள் சட்டம் வந்ததும் அது 'சர்ட்டிஃபைடு ஸ்கூல்' ஆயிற்று. அப்புறம் 'அப்ரூவ்டு ஸ்கூல்' என்றார்கள். 1986-ல் இந்தியா முழுவதற்கும் சிறார் நீதிச் சட்டம் வந்தபோது 'சிறப்பு இல்லம்' என்றார்கள். 2000-த்திலும் 2015-லும் சட்டம் மறுபடி மறுபடி புதுப்பிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் பழைய பெயரை மூடியவர்கள் உண்மையாகவே எதையோ மூடிவிட்டதாகத்தான் நம்பியிருப்பார்கள். எங்கள் அப்பா மட்டும் கடைசி வரையில் 'அந்த ஸ்கூல்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இனிமேல் நான் சொல்லப்போவது சரித்திரம் அல்ல.

1991-ல் எனக்குப் பதினோரு வயது. எங்கள் தெருமுனையில் ஒரு வாடகை சைக்கிள் கடை இருந்தது. அங்கே வேலை செய்த பையனுக்கு என்னைவிட மூன்று வயது கூட. அவன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அப்பா இல்லாத பையன். அவன் அம்மா பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இட்லிக் கடை போட்டிருந்தாள். எனக்குக் குரங்குப் பெடல் போடச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வருவான், "பின்னால பாக்காதேடா, முன்னால பாரு!" என்று கத்துவான். ஒரு நாள் அப்படியே திரும்பிப் பார்த்தேன். அவன் எப்போதோ கையை விட்டுவிட்டு வெகு தூரத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். நான் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சந்தோஷத்தை எனக்கு அப்புறம் எந்தப் பரிசும், எந்தப் புத்தகமும் கொடுத்ததில்லை.

அந்த வருஷம் தீபாவளிக்குச் சில நாள் முன்னால் அவன் எனக்கு ஒரு டைனமோ கொடுத்தான். சைக்கிள் விளக்குக்கு வைக்கிற டைனமோ. "உங்கப்பா உனக்கு சைக்கிள் வாங்கித் தந்தா மாட்டிக்கோ" என்றான். எங்கே கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கிற சாமர்த்தியம் எனக்கு அப்போதே இருந்தது.

நாலு நாள் கழித்து, கடையில் கல்லாப் பணம் நாற்பது ரூபாயும் சில சாமான்களும் காணோம் என்று கடைக்காரர் புகார் கொடுத்துவிட்டார். அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மறுநாள் ஒரு போலீஸ்காரர் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். "உங்க பையன் அவன்கூட சுத்துவானாமே சார்?" என்று கேட்டார். அப்பா என்னைப் பார்க்காமலே, "என் பையனுக்கும் அவனுக்கும் எந்த சம்பந்தமும் கிடையாது" என்றார். போலீஸ்காரர் என் பக்கம் திரும்பினார். நான் தலையை ஆட்டினேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. அன்று சாயங்காலம் பரணில் இருந்த டைனமோவை எடுத்துக்கொண்டு போய்க் கொளவாய் ஏரியில் எறிந்துவிட்டு வந்தேன். டைனமோ யாரிடம் இருக்கிறது என்று அவனைக் கேட்டிருப்பார்கள் அல்லவா? கேட்டும் அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போலீஸ்காரர் மறுபடி வந்திருப்பார்.

ஜாமீன் கொடுக்க ஆள் இல்லாத அந்தப் பையன் 'அந்த ஸ்கூலு'க்குப் போனான். எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிஷ நடை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் அம்மா ஒரு தூக்குப் பாத்திரத்தோடு எங்கள் வாசலைத் தாண்டிப் போவாள். முதல் சில வாரங்கள் நின்று கூப்பிட்டாள்: "நீயும் வாயேன் கண்ணு. உன்னைப் பாத்தா சந்தோஷப்படுவான்." ஒரு வாரம் எனக்குப் பரீட்சை, ஒரு வாரம் தலைவலி, ஒரு வாரம் நான் வாசலுக்கே வரவில்லை. அப்புறம் அவள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். ஆனாலும் எங்கள் வாசலில் கொஞ்சம் நடையைத் தளர்த்துவாள். ஜன்னல் வழியாக நான் பார்த்திருக்கிறேன்.

அந்த மதிலை நான் ஒரு தடவைகூடக் கிட்டப்போய்ப் பார்த்ததில்லை.

இப்போது பதினெட்டு வருஷம் தாண்டி வருகிறேன். 2009. காலேஜை இரண்டாம் வருஷத்தோடு விட்டுவிட்டுச் சென்னையில் ஒரு பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரில் இருந்த பழைய மத்திய சிறையை இடிக்கப் போகிறார்கள், அதற்கு முன்னால் பொதுஜனங்கள் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று அறிவித்தார்கள். 1837-ல் கட்டிய சிறை. கைதிகளையெல்லாம் 2006-ல் புழலில் கட்டிய புதுச் சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வெறும் கட்டடம்தான் மிச்சம்.

நான் போனேன். ஏகக் கூட்டம். பொருட்காட்சிக்கு வருகிற மாதிரி குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். வேர்க்கடலை விற்றவனுக்கு நல்ல வியாபாரம். உள்ளே, 1932-ல் சுபாஷ் சந்திர போஸ் இருந்த சிறை இது என்று ஒரு தாத்தா பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். 2001-ல் கலைஞரை இங்கேதானே கொண்டுவந்தார்கள் என்று இன்னொருவர் விசாரித்தார். ஒரு புதுத் தம்பதி. கணவன் அறைக்குள் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க, மனைவி செல்போனில் படம் எடுத்தாள். சிரிப்பாகத்தான் இருந்தது. நானும் சிரித்தேன்.

அப்புறம் நானும் ஓர் அறைக்குள் போனேன். சுவரில் யாரோ கோடு கோடாகக் கிழித்திருந்தான். ஏழு கோடு, அதன் மேல் குறுக்கே ஒரு கோடு. மறுபடி ஏழு, மறுபடி ஒரு குறுக்குக் கோடு. வாரக் கணக்கு. ஒவ்வொரு வாரத்திலும் ஒரு கோடு மட்டும் மற்றவற்றைவிட நீளமாக இருந்தது. அது என்ன கிழமை என்று எனக்குச் சொல்வதற்கு அங்கே யாரும் இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்தது போல இருந்தது. தூக்குப் பாத்திரத்தோடு ஒரு அம்மாள் நடையைத் தளர்த்தியது நினைவுக்கு வந்தது.

ஆள் இருந்த சிறையைப் பார்க்க இருபது நிமிஷம் நடக்காதவன், ஆள் இல்லாத சிறையைப் பார்க்க இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றிருக்கிறேன்!

சில மாதத்தில் அந்தக் கட்டடத்தை இடித்தார்கள். மருத்துவக் கல்லூரிக் கட்டடங்கள் அங்கே எழும்பின. நல்ல காரியம்தான். ஆனால் ஒரு சிறையை மூடுவது என்றால் என்ன? உள்ளே இருந்தவர்களை வேறு மதிலுக்குள் மாற்றியதை மூடியதாகச் சொல்ல முடியுமா? உண்மையாகவே மூடியவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மாகாணத்தில் வெஸ்ட்பரோ என்ற நாட்டுப்புறத்து ஊரில் 1848-ல் திறந்த சிறுவர் சீர்திருத்தப் பள்ளி ஒன்று இருந்தது. லைமன் பள்ளி என்று பெயர். அந்த நாட்டின் மாகாண அரசுப் பள்ளிகளில் அதுதான் முதலாவது. ஜெரோம் மில்லர் என்ற அதிகாரி பொறுப்புக்கு வந்தார். முதலில் அதைச் சீர்திருத்திப் பார்த்தார். முடியாது என்று கண்டதும், 1972-ல் மூடியே விட்டார். பையன்களை இன்னொரு பெரிய மதிலுக்குள் அனுப்பவில்லை. சிறு சிறு இல்லங்களுக்கும் குடும்பங்களுக்கும் அனுப்பினார். நூற்றிருபத்து நாலு வருஷத்துப் பள்ளி அதோடு முடிந்தது. இதை நான் படித்தபோது, அவ்வளவு துணிச்சலை விட, முதலில் அவர் உள்ளே போய்ப் பார்த்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றியது.

2022 டிசம்பர் கடைசி நாளில் எங்கள் ஊர் இல்லத்தில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். கொண்டுவந்து இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அடித்ததாக வழக்குப் பதிவாயிற்று; ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். தமிழ்நாட்டிலுள்ள இப்படிப்பட்ட இல்லங்களையெல்லாம் பார்த்து யோசனை சொல்ல, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாக 2023-ல் அரசாங்கம் நியமித்தது. அந்த வருஷமே அவர் அறிக்கையும் கொடுத்துவிட்டார்.

செய்தியைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.

ஏன் மாமல்லபுரம் என்று சொல்ல வேண்டும். 2005 வாக்கில் செங்கல்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, பஸ் ஸ்டாண்டில் அந்த இட்லிக்கார அம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "நல்லா இருக்கியா கண்ணு?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். மகன் மாமல்லபுரத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான், கல்யாணம் ஆகிவிட்டது, "ஒரு நடை போய்ப் பாரேன்" என்றாள். அதற்கப்புறம் எத்தனையோ தடவை மாமல்லபுரம் போயிருக்கிறேன். கடற்கரைக் கோயிலைப் பற்றி இரண்டு கட்டுரைகூட எழுதியிருக்கிறேன். சைக்கிள் கடை இருக்கிற தெருவை மட்டும் சுற்றிக்கொண்டு போய்விடுவேன்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் போயிற்று. சுமார் முப்பது கிலோமீட்டர். இறங்கியதும் உளிச் சத்தம் வரவேற்றது. ஐந்து ரதத்துக்குப் போகிற சாலையில், இரண்டு சிற்பப் பட்டறைகளுக்கு நடுவில் கடை இருந்தது. வாசலில் பத்துப் பன்னிரண்டு சைக்கிள்கள். தலை நரைத்த ஒரு மனிதர் சக்கரத்தைத் தலைகீழாக வைத்துச் சுழற்றிக் கோணல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பெயரைச் சொன்னேன். சக்கரம் நிற்கும் வரையில் அவர் பேசவில்லை.

"வாங்க சார், உட்காருங்க" என்றார்.

'டா' என்று கூப்பிட்டவன். அந்த 'வாங்க'வுக்கும் 'சாரு'க்கும் நான் தயாராக வரவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

டீ வந்தது. அம்மா காலமாகி ஆறு வருஷம் ஆயிற்று என்றார். ஒரே பெண், செங்கல்பட்டில் நர்சிங் படிக்கிறாள் என்றார். நான் டைனமோவைப் பற்றிச் சொன்னேன். போலீஸ்காரர் வந்தது, தலையை ஆட்டியது, ஏரியில் எறிந்தது எல்லாவற்றையும் சொன்னேன். முப்பது வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததைச் சொல்லி முடிக்க மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

அவர் சிரித்துவிட்டார். "அது ஓடாத டைனமோ சார்! காயில் போனது. பழைய இரும்புப் பெட்டியிலேர்ந்து எடுத்தேன். நாற்பது ரூபாய் எடுத்தது நெசம். அம்மாவுக்கு ஜுரம்."

"என் பேரை ஏன் சொல்லலை?"

"சொன்னா உங்களையும் கூட்டிட்டு வந்திருப்பாங்க. நீங்க சின்னப் பையன்."

அப்போது அவருக்குப் பதினாலு வயது.

உள்ளே எப்படி இருந்தது என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. "ஒழுங்காத் தமிழ் எழுதப் படிக்கக் கத்துக்கிட்டது அங்கதான். ஒரு வாத்தியார் இருந்தார், தங்கமான மனுஷன். எல்லாரையும் ஒரே மாதிரி சொல்லக் கூடாது. ஆனா இப்பவும் யாராச்சும் இரும்புக் கதவை டமார்னு திறந்தா எழுந்து நின்னுடுவேன். என் பொண்ணு சிரிப்பா." கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "ஞாயித்துக்கிழமைதான் சார் கஷ்டம். பாக்க வந்தவங்க பேரைச் சொல்லிப் பசங்களைக் கூப்பிடுவாங்க. எனக்காவது அம்மா வந்துச்சு. யாருமே வராத பசங்க இருப்பாங்க. அவங்க பேரு கூப்பிட மாட்டாங்கன்னு அவங்களுக்கும் தெரியும். இருந்தாலும் தலையை வாரிக்கிட்டு உட்காந்திருப்பாங்க."

நான் ஒன்றும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது?

அந்தச் சமயத்தில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கள் இருவர் வந்து, "அண்ணா, ஒரு மணி நேரம்" என்று சொல்லி ஆளுக்கு ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்கள். பெயர் எழுதவில்லை; பணமும் வாங்கவில்லை.

"யார் வீட்டுப் பசங்க?" என்றேன்.

"தெரியாது."

"வண்டி திரும்பி வந்துடுமா?"

"வந்துடும். இந்தப் பதினேழு வருஷத்துல வராமப் போனது ரெண்டே ரெண்டுதான்."

"அதுக்கு என்ன பண்ணினீங்க?"

"என்ன பண்றது? ரெண்டு சைக்கிள் போச்சு" என்றார்.

நான் புறப்பட்டபோது கடை வாசல் வரையில் வந்தார். இருட்டிக்கொண்டிருந்தது. பட்டறைகளில் உளிச் சத்தம் நின்று, கடல் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. அந்த இரண்டு பையன்களும் அப்போதுதான் திரும்பி வந்து சைக்கிள்களைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடினார்கள்.

"சௌகரியப்பட்டா ஞாயித்துக்கிழமை வாங்க" என்றார். "அன்னிக்கு டூரிஸ்ட் கூட்டம் ஜாஸ்தி. ஆனா மத்தியானம் சும்மாதான் இருப்பேன்."

அவர் யோசித்துச் சொன்னாரோ, யோசிக்காமல் சொன்னாரோ, எனக்குத் தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். அதற்கடுத்ததும் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போக முடியவில்லை, நிஜமாகவே தலைவலி. மறு வாரம் போனபோது அவர் தலையை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "போன வாரம் ஏன்டா வரலை?" என்று கேட்டார்.